சுண்ணாம்பு முடிச்சு

பம்ப்காரரைச் ‘சுண்ணாம்பு’ என்று முதலில் கூப்பிட்டது யார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கே ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கூடவே பட்டப்பெயர்களும் போயின. இவருடையது மட்டும் தங்கிவிட்டது. காரணம் கேட்க வேண்டியதில்லை. காலையில் கறுத்த மீசையோடு பம்ப் அறைக்குப் போகிறவர் மதியம் நரைத்த மீசையோடு வருவார். புருவம், காது மடல், நகக்கண் எல்லாம் வெளுத்திருக்கும். குளித்துவிட்டு வந்தால் போன வயது திரும்பும்.

“தினம் ஒருதடவை கிழவனாகி, தினம் ஒருதடவை மாப்பிள்ளை ஆகுறது எங்க அண்ணன் ஒருத்தர்தான்” என்பார் கேட் வாட்ச்மேன். அந்தக் கேட்டுக்கு உள்ளே மிச்சமிருந்த மனிதர்கள் அவர்கள் இருவர்தான்.

செம்பு தீர்ந்ததும் கம்பெனி சுரங்கத்தை மூடியது. ஆபீஸுக்கும் கிடங்குக்கும் பூட்டுப் போட முடிந்தது. குழிக்குப் போட முடியவில்லை. மலையைப் படிப்படியாக வெட்டி இறக்கிய பெருங்குழி அது. அடியில் பக்கவாட்டில் குடைந்த பாதைகள் ஓடின. வெட்டிய பாறையில் கந்தகம் இருந்தது. காற்றும் மழையும் பட்டுப் பட்டு அது அமிலமாகி, குழியில் வழிந்து சேர்ந்தது. ஓரத்தில் கடுந்தேநீர் நிறம், நடுவில் ரத்தம் கட்டினாற்போல் கறுஞ்சிவப்பு. இரும்பு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு மறந்துபோனால், பிறகு இழுக்கும்போது கயிறு மட்டும் வரும். பறவை இறங்காது. கொசுகூட முட்டையிடாது.

குழி நிரம்பினால் வழியும். வழிந்தால் கீழே ஆறு. ஆற்றை நம்பி ஊர்கள். ஆகவே அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த தண்ணீரில் சுண்ணாம்புப் பாலைக் கலந்தால் அமிலம் அடங்கும். அதில் கரைந்து கிடந்த இரும்பு ஆரஞ்சுச் சேறாகப் பிரிந்து தொட்டியில் படியும். மேலே தெளிந்த நீர் ஓடைக்குப் போகும். சிவப்பு ஆரஞ்சாக வேண்டும், ஆரஞ்சு தெளிய வேண்டும். பம்ப்காரரின் பிழைப்பு இந்த நிறமாற்றத்தில் இருந்தது. தொட்டியில் ஆரஞ்சு படிவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அமிலம் முதலில் கடிப்பது குழாய் மூட்டைத்தான். மூட்டு கசிய ஆரம்பித்தால், ஒரு துணியில் சுண்ணாம்பை வைத்து இறுகக் கட்டி, கசிகிற இடத்துக்கு உள்பக்கமாகச் செருகிவிடுவார்கள். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாக இறுகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு முடிச்சு என்று அதற்குப் பெயர். தச்சனுக்கு ஆணி மாதிரி, பம்ப்காரரின் கால்சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு முடிச்சு தயாராக இருக்கும்.

முன்பு மூன்று பம்ப்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவர் தம்பி கல்யாணத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை. தம்பிக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. மிஞ்சியவர் சுண்ணாம்பு. மூன்று பம்பில் மூன்றாவது, ஓட்ட ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. குவார்ட்டர்ஸ் வீட்டில் அவர் மனைவியும் மகளும் கூடவே இருந்தார்கள். குழியிலிருந்து வரும் காற்று மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு வந்தால் மாடிப்படி ஏறினவள் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குவாள். கடைசியில் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மகளுடைய வைத்தியச் செலவு கம்பெனியுடையது. அதனால் வேலையை உதறிவிட்டுப் பின்னாலேயே போகவும் வழியில்லை.

“அங்க டவுன்ல, தண்ணி நிலையத்துல உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்யா” என்று மேனேஜர் ஒவ்வொரு தடவையும் போனில் சொல்வார். “நல்ல தண்ணி பம்ப். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போலாம். மாத்து ஆள் வந்ததும் நீ கிளம்பு.”

மாற்று ஆள் வராமல் இல்லை. ஒருவர் வந்தார். குழியைச் சுற்றிப் பார்த்தார். மாலையில் செருப்பைக் கழற்றியபோது மேல்வார் மட்டும் காலோடு வந்தது. அடி தரையிலேயே ஒட்டிக்கொண்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டரம்மா வந்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும், “நான் டாக்டர். உள்ள போகணும், அனுமதி இருக்கு” என்றார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், பேன்ட்டைச் சுருட்டி முழங்காலை நீட்டினார்.

“மூணு மாசமா மடக்க முடியல டாக்டரம்மா.”

“நான் அந்த டாக்டர் இல்லைங்க.”

“பரவாயில்ல, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிறவர். முப்பதைத் தாண்டியிருக்கும், தோளில் பெட்டி, முகத்தில் தூக்கம் போதாத களை. குழியின் அடிப்பாதைக்குப் போக வேண்டும் என்றார். பம்ப்காரர் ஓடுகிற இரண்டு பம்பையும் சேர்த்து ஓட்டி, தண்ணீரை இறக்கி, பாதையின் வாயைத் திறந்து காட்டினார். நல்ல கோடை; அதனால் முடிந்தது. ரப்பர் உடையும் முகமூடியுமாக மூவரும் உள்ளே போனார்கள். வெந்நீர் அறை மாதிரி ஒரு வெக்கை. விளக்கைத் தூக்கினால், கூரையிலிருந்து கொழகொழவென்று ஏதோ நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் சொட்டு. அந்தச் சொட்டு ரப்பர் உடைக்கு வெளியே நீண்டிருந்த வாட்ச்மேனின் சட்டைக் கையில் விழுந்து பொத்தல் போட்டது.

“இதான்! இதேதான்!” டாக்டரம்மாவின் குரல் முகமூடிக்குள் கீச்சிட்டது.

“சளி மாதிரி இருக்கே” என்றார் வாட்ச்மேன். “இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?”

மேலே வந்து, சுரங்க விளக்குகள் வைத்திருந்த பழைய விளக்கறையில் டீ குடிக்கும்போது டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். அந்தக் கொழகொழப்பு முழுக்க உயிர். கண்ணுக்குத் தெரியாத உயிர். குழியிலேயே அமிலம் மிகக் கடுமையாக இருக்கிற இடத்தில் குடியிருக்கிறது. இரும்பைத் தின்று வாழ்கிறது.

“விடியக்காலையில வெள்ளி முளைக்குதே, பாத்திருக்கீங்களா?”

“முதல் ஷிஃப்ட்டுக்கு வர்றவன் அத பாக்காம எத பாப்பான்?”

“அந்தக் கிரகத்துல தரை அடுப்பு மாதிரி. ஆனா மேல, மேகத்துல, சூடு நம்ம ஊரு அளவுதான். அங்க உயிர் இருக்கலாமான்னு ஒரு கேள்வி. என்ன சிக்கல்னா, அந்த மேகம் நம்ம மேகம் மாதிரி தண்ணி இல்ல. கந்தக அமிலம். இந்தக் குழியெல்லாம் அதுக்கு முன்னால சர்பத்து.”

“அப்ப அங்க எப்படிங்க உயிர் இருக்கும்?”

“இருக்குன்னு யாரும் பாக்கல. இருக்க முடியுமா, எது வரைக்கும் தாங்கும்னு தெரியணும். அதுக்கு மொதல்ல இதுங்க எப்படிப் பிழைக்குதுன்னு புரியணும்.” அவர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டார். “உள்ள அமிலம் நுழைஞ்சுகிட்டே இருக்கும். இந்தத் தோல்ல குட்டிக்குட்டியா பம்ப் இருக்கு. அது வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். உள்ள வர வர, வெளிய தள்ளணும். நிறுத்தினா போச்சு.”

பம்ப்காரர் டீயைக் கீழே வைத்தார். “லீவே கிடையாதா அதுக்கு?”

“கிடையாது.”

“மாத்து ஆளு?”

டாக்டரம்மா சிரித்தார். பம்ப்காரர் சிரிக்கவில்லை. “பாவம்” என்றார்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இந்த அடிப்பாதை உயிர்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார். ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்து அவர்களுக்குத் திருப்தியானால், குழியையே பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும்.

“அப்ப கம்பெனிக்கு இங்க வேலை?”

“ஒண்ணுமில்ல. நீங்க பெட்டிய கட்ட வேண்டியதுதான்.”

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டபோது அவர் குரலே வேறாக இருந்தது.

“என்னங்க, குடிச்சிருக்கீங்களா?”

“டீதான்டி. கேளு. ஒரு சளி நம்மள காப்பாத்தப் போகுது.”

“இங்க இருக்கிற சளி போதாதா? பேசாம படுங்க.” ஆனால் விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவள் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அண்ணி நேத்து ஒரு வார்த்தை சொன்னாங்க. வந்தவங்க போகுற வழிய மறந்துட்டாங்கன்னு. என்கிட்ட இல்ல, பூனைகிட்ட சொல்றாப்புல. அண்ணன் காதுல விழாத மாதிரி பேப்பர் படிச்சுகிட்டு இருந்துச்சு.”

“இன்னும் கொஞ்ச நாள்தான்.”

“இதயேதான் சொல்றீங்க. சரி, இந்தத் தடவை நம்புறேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு, ஜன்னல் நிறைய. போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

விளக்கறையின் மூலையில், பெரிய கறுப்பு பிளாஸ்டிக் பீப்பாயில், அடிப்பாதைத் தண்ணீரும் கொழகொழப்பும் வைக்கப்பட்டிருந்தன. கீழே ஹீட்டர், உள்ளே காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார், அடியில் மாதிரி எடுக்க ஒரு குழாய். சூடு குறையக் கூடாது, காற்று நிற்கக் கூடாது. டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனது அவ்வளவுதான். பம்ப்காரர் அதை ஒரு பிரசவ அறையாக்கிவிட்டார். ஜன்னலுக்குச் சாக்குப் போட்டார். உள்ளே வருகிறவன் செருப்பை வெளியே விட வேண்டும் என்றார். வருகிறவன் வாட்ச்மேன் ஒருவர்தான்.

“அண்ணே, குடித்தனக்காரங்க சாப்பிட்டாங்களா?”

“மெதுவா பேசு.”

“வாடகை ஒழுங்கா குடுக்குறாங்களா?”

“நம்மள வெளிய அனுப்பப் போறாங்கடா. அதவிட என்ன வாடகை?”

“உங்கள அனுப்புவாங்க. நான் கேட்ட பாத்துகிட்டு இங்கயே கிடப்பேன்” என்றார் வாட்ச்மேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்து குழி மட்டம் ஏறியது. அடிப்பாதையின் வாய் முழுகி, மேலே பல ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு பம்பும் சேர்ந்து ஓடியும் மட்டம் இறங்கவில்லை. ஏறாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அந்தச் சாதி உயிர் இனி வெளியில் இருப்பது பீப்பாயில் மட்டும்தான் என்று பம்ப்காரருக்குத் தெரியும். அதனால் நாளுக்கு நாலு தடவை போய் எட்டிப் பார்ப்பார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் பார்த்தபோது, பீப்பாயின் அடிக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பித்தளைக் குழாய், அமிலம் தன் வேலையைக் காட்டிவிட்டது. கீழே சிமெண்ட் பொங்கி நுரைத்திருந்தது. இப்படியே விட்டால் ராத்திரிக்குள் பீப்பாய் காலி.

யோசிக்க ஒன்றும் இல்லை. வேலை தெரிந்த கை யோசிக்காது. பையிலிருந்து சுண்ணாம்பு முடிச்சை எடுத்தார். இவ்வளவு பெரிய பீப்பாய்க்கு அது போதாது என்று தோன்றியது. பம்ப் அறைக்குப் போய், ஒரு பழைய துண்டில் இரண்டு கை நிறையச் சுண்ணாம்பு வைத்து, தேங்காய் அளவில் கட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து, கையுறை போட்ட கையை உள்ளே விட்டு, குழாயின் வாயில் இறுக்கி வைத்தார்.

அப்போது ஒரு விநாடி அவர் கை நின்றதும் உண்மைதான். இதுகள் அமிலத்தில் இருக்கிறவை ஆயிற்றே என்று தோன்றியது. தோன்றியதும் பதிலும் வந்தது. இருந்தால் என்ன? ராத்திரி பகலாக அமிலத்தை வெளியே தள்ளித் தள்ளி ஓய்ந்து கிடக்கிற ஜீவன்கள். கொஞ்சம் காட்டம் குறைந்தால் ஆகாதா? மாற்று ஆள்தான் இல்லை, அரை நாள் லீவாவது கிடைக்கட்டும். அவர் மூடியைப் போட்டார். சொட்டு நின்றுவிட்டது. திருப்தியாகப் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது முதலில் அவருக்கு மனசு குளிர்ந்தது. பீப்பாய் முழுக்க அழகான ஆரஞ்சு. வருஷக்கணக்காக அவர் கண்ணுக்குச் சோறு போட்ட நிறம். மேலாகத் தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. ‘ஆச்சு’ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

கொழகொழப்பைக் காணோம். கரண்டியால் துழாவினார், துருச்சேறுதான் வந்தது. அடியில் முடிச்சுத் துண்டு வெறும் துணியாகச் சுருங்கிக் கிடந்தது. குழாய்க்குள் போக வேண்டிய சுண்ணாம்பு, காற்றுக் குமிழி கலக்கிய கலக்கில் பீப்பாய் முழுக்கப் பரவிவிட்டது. அவர் மூடி மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார். போன் அடித்தது. டாக்டரம்மா.

“அண்ணே, குழு நாளைக்கே வருது! நானும் கூட வர்றேன். எல்லாம் நல்லா இருக்குல்ல?”

“இருக்கு” என்றார் பம்ப்காரர்.

வாட்ச்மேன் வந்து பீப்பாயை எட்டிப் பார்த்தார். அவருக்கும் அந்த நிறம் தெரியும். வழக்கமான நக்கல் வரவில்லை. “என்னண்ணே இது, சுத்தமாக்கிட்டீங்களே” என்றார் மெதுவாக.

“வாளிய எடு.”

“எதுக்கு?”

“குழித் தண்ணி மொண்டு ஊத்தணும். அதுலயும் ஏதாவது இருக்கும்னு டாக்டரம்மா ஒருதடவை சொன்னாங்க.”

“அது வேற சாதி, இது வேற சாதின்னும் சொன்னாங்களே.”

“வாளிய எடுறா!”

இருவரும் பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவினார்கள். வேறு குழாய் மாட்டினார்கள். குழியின் ஓரத்திலிருந்து சுமந்து சுமந்து ஊற்றினார்கள். வாட்ச்மேனுக்கு முழங்கால் வலி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீப்பாய் மறுபடி கறுஞ்சிவப்பானது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதுதான் பம்ப்காரருக்குப் பயமாக இருந்தது.

குழு வந்தது. கண்ணாடி போட்ட மூன்று பேர், அவர்களுக்கு முன்னும் பின்னும் ஓடியபடி மேனேஜர். மேனேஜர் புது ஷூ போட்டிருந்ததால் சேற்றின் மேல் போட்டிருந்த பலகைகளில் பலகை விட்டுப் பலகை தாவித்தான் வந்தார். விளக்கறை மேசையில் மைக்ராஸ்கோப் வைத்தார்கள். டாக்டரம்மா ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடியில் வைத்து, குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. பம்ப்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். மனைவி பார்த்து வைத்த வீட்டின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது போல இருந்தது. கடைசியில் டாக்டரம்மா தலையைத் தூக்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

“பாருங்க சார்” என்று நகர்ந்து வழிவிட்டார்.

மூத்தவர் பார்த்தார். “அடடா, நீந்துதே!” என்றார். “இந்த அமிலத்துலயா? கை வச்சா தோல் உரியும்னீங்க!” மற்ற இருவரும் முறை வைத்துப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார், எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, “பிரமாதம்” என்றார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும். பம்ப்காரர் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தார். கொன்றதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கிளம்பலாம். நாளைக்கே கிளம்பலாம்.

“இத்தனை நாள் இத யாரு பாத்துக்கிட்டது?” என்று மூத்தவர் கேட்டார்.

“நம்ம ஆளுதான் சார்” என்று மேனேஜர் பம்ப்காரரின் தோளில் கை போட்டார். சுண்ணாம்பு ஒட்டியதும் கையை எடுத்துக்கொண்டார். “பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டான்.”

“இவர நாங்க விட மாட்டோம். ஆராய்ச்சி முடியுற வரைக்கும் இவர் எங்களுக்கு வேணும்.”

“தாராளமா! குழி, பம்ப், ஆளு, எல்லாம் சேத்தே குடுத்துடுறோம் சார்.”

“சார், தண்ணி நிலையம்...” என்றார் பம்ப்காரர்.

“அட, பல்கலைக்கழகத்துல வேலைய்யா உனக்கு! உன் பரம்பரையில எவனாவது அந்தப் படி ஏறியிருக்கானா?” மேனேஜர் அடுத்த பலகைக்குத் தாவிவிட்டார்.

அவர்கள் சாப்பிடப் போனதும் டாக்டரம்மா மட்டும் விளக்கறையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பம்ப்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

“டாக்டரம்மா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இது நம்மது இல்ல. கண்ணு வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நம்மதுக்கு மேல் ஓடு கிடையாது; உருவமில்லாம கிடக்கும். நீந்தாது. இது குச்சி குச்சியா நீந்துது. மேல்தண்ணில கோடிக்கணக்கா கிடக்குறது. என்னண்ணே ஆச்சு?”

அவர் சொன்னார். சொட்டின குழாய், துண்டு, தேங்காய் அளவு சுண்ணாம்பு, ஆரஞ்சு. ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார்.

“சுண்ணாம்பா!” என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “அதுங்களுக்கு அமிலம்தாண்ணே சுவரு. அத எடுத்துட்டா உடம்பு அப்படியே கரைஞ்சுபோயிரும்.”

“நான் வேற நெனச்சேன். பாவம், வேற போக்கிடம் இல்லாம அதுல கிடந்து தாங்கிக்கிட்டு இருக்குதுங்கன்னு.”

டாக்டரம்மா தலையை ஆட்டினார். “அதுங்களுக்கு அதான் வீடு.”

பம்ப்காரர் குமிழி மோட்டாரின் வயரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா பெட்டிய மூடிட்டுப் போயிருப்பாங்க. என் வேலை இந்த வருஷத்தோட முடியுது. இத வச்சுத்தான் நீட்டிக்கணும். வீட்டுல, பொண்ணு டாக்டர், டாக்டர்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்காங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவங்க பாத்தது பொய்யில்ல. அமிலத்துல உயிர்தான் பாத்தாங்க. நான் எழுதிக் குடுத்த உயிர் இல்ல, அவ்வளவுதான்.”

“நான் போய் மேனேஜர்கிட்ட உண்மைய சொல்லிடுறேன். கொன்னவன் நான்னு. கொன்னவன யாராவது காவலுக்கு வைப்பாங்களா? விட்டுடுவாங்கல்ல?”

“உங்கள வைக்க மாட்டாங்க. குழியையும் எடுக்க மாட்டாங்க. குழி கம்பெனிக்கே திரும்பிப் போகும். கம்பெனிக்கு ஒரு பம்ப்காரர் வேணும்.”

பம்ப்காரர் மனசுக்குள் அந்த வழியில் கடைசி வரை நடந்து பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிற வழியிலும் நடந்து பார்த்தார். இரண்டும் இந்த விளக்கறை வாசலுக்கே வந்து சேர்ந்தன. அவருக்குச் சிரிப்பு வந்தது.

“அப்ப என்னதாம்மா செய்யுறது?”

“அடிப்பாதையில அதுங்க இன்னும் இருக்கும். தண்ணிய முன்ன மாதிரி இறக்கினா போய் எடுக்கலாம். எடுத்ததும் நானே குழுவுக்கு எல்லாத்தையும் எழுதிடுறேன். உங்கள விடச் சொல்லியும் எழுதுறேன். அதுவரைக்கும்...” அவர் பெட்டியைப் பூட்டினார். “வேற யாராலயும் அத இறக்க முடியாதுண்ணே.”

பம்ப்காரர் பம்ப் அறைக்குப் போனார். மழை விட்டதும் நிறுத்தியிருந்த இரண்டாவது பம்பின் தாங்கியில் கிரீஸ் வைத்தார். சுவிட்சைப் போட்டார். அது இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது. குழாய் உதறியது. கீழே கறுஞ்சிவப்பு மட்டம் அசைவில்லாமல் கிடந்தது. இன்றைக்கு ஆரம்பித்து, வானம் ஒத்துழைத்தால், அடுத்த கோடை நடுவில் பாதையின் வாய் தெரியலாம்.

மனைவியின் போன் வந்தது. பின்னால் குக்கரோ ஏதோ சீறிக்கொண்டிருந்தது.

“என்னங்க, முடிஞ்சுதா? வந்தாங்களா? ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க.”

“அப்பாடா! ஏய், அப்பா வர்றாருடி!” என்று உள்ளே கத்தினாள். மகள் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. “எப்பன்னு கேக்குறா. எப்ப வர்றீங்க?”

“தண்ணி கொஞ்சம் இறங்கணும். இறங்கினதும்.”

“எந்தத் தண்ணி? அதான் அவங்க எடுத்துக்கிட்டாங்களே?”

“எடுத்துக்கிட்டாங்க. என்னையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைத்தாள் போல, சீறல் நின்றது. பிறகு பேசினாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

“சரி. ஜன்னல் வீட்டுக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்.”

“கொஞ்சம் பொறுத்து...”

“வச்சிடட்டுமா? மாடியில துணி காயுது. இங்க மேகம் கறுத்துகிட்டு வருது, காத்து வேற உங்க பக்கமா அடிக்குது.”

அவர் போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தார். மலைக்கு அந்தப் பக்கம், நகரம் இருக்கும் திசையில், வானம் குழித் தண்ணீர் நிறத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முதல் காற்று வந்து சுண்ணாம்புத் தூளைக் கிளப்பிக் கண்ணில் அடித்தது.

“வாட்ச்மேன்!” என்று கத்தினார். “மூணாவது பம்ப்போட சாவி எங்க இருக்கு, பாரு!”